குறுக்கே நாய் வரவில்லை

பிரவீன்,

இந்தக் கடிதத்தை உன் ஹெல்மெட்டுக்குள் வைத்திருக்கிறேன். பையில் வைத்தால் தாய்லாந்து போய்ச் சேர்ந்த பிறகுதான் பார்ப்பாய். மேசையில் வைத்தால் கரண்ட் பில் என்று நினைத்து ஓரமாகத் தள்ளிவிடுவாய். ஹெல்மெட்டைத்தான் இந்த ஒரு மாதமாக நாளுக்கு நான்கு முறை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாய், கண்ணாடியைத் துடைக்கிறாய், மறுபடி பரண் மேல் வைக்கிறாய். வெள்ளிக்கிழமை கிளம்புகிறாய். நீ இதைப் படிக்கிற நேரத்தில் நான் பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருப்பேன். நேரில் சொல்லியிருக்கலாம். இரண்டு முறை உன் அறை வாசல்வரை வந்தேன். பன்னிரண்டு வருடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்ல வாய் பழகவில்லை. எழுதுவதாவது எனக்குப் பழக்கம்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், அது நடுவில் வந்து தொந்தரவு செய்யாமல் இருக்கட்டும். "ஆபீஸ் டிரெய்னிங்மா, பேங்காக்ல ரெண்டு வாரம்" என்று நீ சொன்னபோது நான் நம்பினேன். உனக்காக இரண்டு முழுக்கைச் சட்டை தைக்கக்கூடக் கொடுத்தேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை தபால்காரர் வந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கிய கவருக்குள் வெளிநாட்டில் வண்டி ஓட்டுவதற்கான பெர்மிட், உன் புகைப்படத்தோடு. டிரெய்னிங் போகிறவனுக்கு இது எதற்கு என்று உன் அப்பாவிடம் கேட்டேன். அவர் வலது கையால் இடது கையைத் தூக்கி மேசை மேல் வைத்தார். சங்கடமான கேள்வி வந்தால் அவர் அதைத்தான் செய்வார், உனக்கும் தெரியும். "சொல்லலாம்னுதான் இருந்தான்" என்றார். அவருக்கு மூன்று மாதமாகத் தெரியும். ஐந்து பேர், வாடகைக்கு ஐந்து வண்டி, தாய்லாந்தின் வடக்கு மலைகள், ஆற்றுப் பாலத்தைத் தாண்டி லாவோஸ், பதினாறு நாள். இருவரும் சேர்ந்து மேப் பார்த்திருக்கிறீர்கள். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த அடுத்த அறையில்.

உன்னைத் தடுத்துவிடுவேன் என்று பயந்திருக்கிறாய். தடுத்திருப்பேன், அதுவும் உண்மை. தடுக்காவிட்டால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சாப்பாட்டைத் தட்டில் சத்தமாக வைத்திருப்பேன். இந்த வீட்டில் இரண்டு ஆண்களும் என் முகத்துக்குப் பயந்தே காலம் தள்ளியிருக்கிறீர்கள். அந்தப் பயத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ரோட்டில் எது ஆபத்து என்று நீ ஒரு பட்டியல் அச்செடுத்து பீரோ கதவில் ஒட்டியிருக்கிறாய். நீ ஆபீஸ் போன பிறகு அதை நிதானமாகப் படித்தேன். திருப்பங்களில் கொட்டிக் கிடக்கும் சரளை. காலை ஒன்பது மணிவரை கலையாத மலைப்பனி. வளைவை வெட்டிக்கொண்டு நம் பக்கம் வரும் லாரிகள். எருமைகள். லாவோஸில் வலது பக்கமாக ஓட்ட வேண்டும் என்பது. எல்லாம் சரியாக எழுதியிருக்கிறாய். என் மாணவனாக இருந்திருந்தால் நல்ல மார்க் போட்டிருப்பேன். எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, முதலாவதாக "நாய்" என்று எழுதியிருக்கிறாய்.

அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துக்கொண்டு நான் எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அன்றைக்குப் பள்ளிக்கூட வேனை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் போனேன்.

உனக்குப் பன்னிரண்டு வயது. ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா அப்போது லிப்ட் பராமரிக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். வேளச்சேரியில் ஆபீஸ், பள்ளிக்கரணை வழியாகப் பைக்கில் சிட்லபாக்கம் வருவார். நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல வீட்டிலும் எடுப்பேன். கிளம்பும்போது ஒரு போன், பாதி வழியில் ஒரு போன், சேர்ந்ததும் ஒரு போன். நீ டியூஷன் போய்ச் சேர்ந்தால்கூட மாஸ்டர் போனிலிருந்து "சேர்ந்துட்டேன்மா" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நானே மாஸ்டரை அழைத்து, உன் மானத்தை வாங்கியிருக்கிறேன். அக்கறை என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அக்கறைக்கும் அதிகாரத்துக்கும் நடுவில் எந்த இடத்தில் நான் நின்றேன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

அன்று சாயங்காலம் மழை. ஆறு மணிக்குக் கிளம்பியதும் செய்ய வேண்டிய போனை அவர் செய்யவில்லை. காலையில் எங்களுக்குள் ஒரு சின்னச் சண்டை. எதற்கு என்பது இப்போது நினைவில்லை, அதுவே எனக்குக் கசப்பாக இருக்கிறது. வேண்டுமென்றேதான் அடிக்கவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு நான் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. மூன்றாவது முறை முழுதாக அடித்து ஓய்ந்தது. மழையில் ஒருவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார், போனை எடுக்காமல் இருப்பதுதான் சரி என்று, நியூட்டன் விதிகளைப் பிள்ளைகளுக்கு நடத்துகிற எனக்குத் தோன்றவில்லை. நான்காவது முறை எடுத்தார்.

"மூணு தடவ அடிச்சேன். எடுக்க மாட்டீங்களா?"

"பள்ளிக்கரணை தாண்டிட்டேன். வண்டியில இருக்கேன்டி."

"வர வழியில மாவு பாக்கெட் வாங்கிட்டு வாங்க. ரெண்டு."

"சரி, வெய்யி."

நான் வைக்கவில்லை. "காலைல அப்படிப் பேசிட்டு ஒரு போன்கூட..." என்று ஆரம்பித்தேன். அந்த வாக்கியம் இன்னும் முடியவில்லை பிரவீன். முதலில் ஏதோ இழுபடுகிற சத்தம். அப்புறம் மழைச் சத்தம் மட்டும். நான் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தேன். நீ ஹாலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். பிறகு வேறொருவர் குரல், ஒரு ஆட்டோக்காரர். "யாரு மேடம், வூட்டுக்காரம்மாவா? பதறாதீங்க. வண்டி கவுந்துடுச்சு. உசுரு கீது. பைப்பு போட நோண்டி வுட்ட பள்ளம் மேடம், தண்ணி நின்னுகினு கீது, தெரியல. நீ வந்துகினே இரும்மா, நான் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த மனிதர் ஈரச் சட்டையோடு எனக்காகக் காத்திருந்தார். போனையும் ஹெல்மெட்டையும் என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது குரலைத் தணித்து, "தப்பா நினைச்சுக்காத மேடம். நான் பின்னாடிதான் வந்துகினு இருந்தேன். பெல்ட்டைத் தளத்திட்டு, போனை ஹெல்மெட்டுக்குள்ள சொருகிகினு பேசிகினே வந்தாரு. ஒரு கை போனை அழுத்திகினு இருந்துச்சு. ரெண்டு கையும் ஹேண்டில்பார்ல இருந்திருந்தா பள்ளத்துல வுட்டும் நின்னுருப்பாரு" என்றார். யாரோடு பேசிக்கொண்டு வந்தார் என்று அவர் கேட்கவில்லை. நான் கத்திக்கொண்டிருந்த போனை எடுத்துப் பேசியவர் அவர்தானே.

பெல்ட் தளர்ந்திருந்ததால் ஹெல்மெட் கழன்று உருண்டுபோயிருக்கிறது. எப்படியோ தலை தப்பியது. இடது தோள் தரையில் மோதியதில் கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகள் அறுந்துவிட்டன. மறுநாள் காலை பொழிச்சலூரிலிருந்து உன் அத்தை வந்தார்கள். தம்பியின் கையைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். "எப்படிடா ஆச்சு? நல்லா ஓட்டுறவனாச்சே?" என்றார்கள். உன் அப்பா என் பக்கம் திரும்பி, ஒரு நொடி பார்த்துவிட்டு, "நாய் குறுக்க வந்துச்சுக்கா" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. உன் அத்தை நாக்கு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், அதிலிருந்து என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார் என்பதும் தெரியும். அந்த நொடியில் அவர் மேல் எனக்கு வந்தது நன்றி. அந்த நன்றி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை என்பதால் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள், பள்ளிக்கூடத்து டீச்சர்கள், எல்லோரும் "உன்ன மாதிரி புருஷனைப் பாத்துக்க யாரால முடியும்" என்று பாராட்டினார்கள். பன்னிரண்டு வருடமாகப் பாராட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் குழம்பில் உப்பு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

எல்லாவற்றையும் சொல்கிறேன் என்பதால் இதையும் சொல்கிறேன். எனக்கு அவர் மேலும் கோபம் உண்டு. அடித்தது நான்தான், ஆனால் எடுத்தது அவர்தானே, ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசியிருக்கலாமே என்று எத்தனையோ நாள் அவருக்குச் சட்டை மாட்டிவிடும்போது மனசுக்குள் சண்டை போட்டிருக்கிறேன். அந்தச் சண்டையில் ஒருநாளும் நான் ஜெயித்ததில்லை. எடுக்காமல் வீட்டுக்கு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவர் பள்ளத்துக்குப் பயப்படவில்லை. எனக்குப் பயந்தார். அதனால்தான் எடுத்தார். கம்பெனியில் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. லிப்ட் குழிக்குள் இறங்க ஒரு கை போதாது என்று ஆபீஸுக்குள் உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை புகார் போன் எடுப்பதுதான் அவர் வேலை. சொல்லிப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, சிரிக்க முடியவில்லை.

இனி வருவதுதான் உன்னைப் பற்றியது. நம் தெருவில் பழுப்பு நிறத்தில் ஒரு நாய் இருந்தது. டீக்கடையில் உனக்கு வாங்கிக் கொடுக்கிற பன்னில் பாதியை அதற்குப் போடுவாய், அதனால் பன்னு என்று பெயர் வைத்தாய். வேன் நிற்கும் இடம்வரை உன்கூட வரும், சாயங்காலம் இஸ்திரி வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்து வாலாட்டும். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் நீ அதன்மேல் கல் எறிந்தாய். அது விளையாட்டு என்று நினைத்துத் திரும்பி வந்தது. இன்னொரு கல்லை எடுத்தாய். அடுத்த மாதம் நாய் பிடிக்கிற வண்டி வந்தபோது அந்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் அது எங்கே படுத்திருக்கிறது என்று நீதான் காட்டினாய். நான் கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் குரலைக் கேட்டதும் அது தானாகவே வெளியே வந்தது. நீ அழவில்லை. உள்ளே வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினாய். அது திரும்ப நம் தெருவுக்கு வரவேயில்லை. ஒரு வார்த்தை, "நாய் ஒண்ணும் பண்ணலடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கழுவின கையைத் துடைக்க உனக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

போன மாதம் உன் நண்பர்கள் குழுவுக்காக நீ போட்ட வீடியோவை நானும் பார்த்தேன். "எங்கப்பாவோட கையை எடுத்தது ஒரு தெரு நாய். அதனாலதான் நான் இவ்ளோ சேஃப்டி பாக்கிறேன்" என்று சொல்லுகிறாய். உன் கண் கலங்கியிருந்தது. இல்லாத ஒரு நாயை வைத்து ஒரு பயத்தைக் கட்டி, அந்தப் பயத்தின் மேல் உன் சாமர்த்தியத்தையெல்லாம் கட்டியிருக்கிறாய். நாய் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் உனக்குத் தெரியும். உன் அப்பாவை விழ வைத்தது எதுவோ அது மட்டும் உன் பட்டியலில் இல்லை. இல்லாததோடு விட்டிருந்தால்கூட இந்தக் கடிதத்தை எழுதாமல் காலம் தள்ளியிருப்பேனோ என்னவோ. நீ அதைக் காசு கொடுத்து வாங்கி ஹெல்மெட்டுக்குள் ஒட்டிவிட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ப்ளூடூத் கருவியை மாட்டிவிட்டு என்னிடம் காட்ட வந்தாய். என் கோபத்தைத் தணிக்கத்தான் வாங்கியிருக்கிறாய் என்று புரிந்தது. "அம்மா, உன் நம்பருக்கு மட்டும் ஆட்டோ ஆன்சர் போட்டிருக்கேன். நீ அடிச்சா நான் பட்டனைக்கூடத் தொட வேணாம். நேரா காதுக்குள்ள நீதான். லாவோஸ்ல இருந்தாலும் எங்க இருக்கன்னு கேக்கலாம். போதுமா?" என்றாய். அப்பா நாற்காலியிலிருந்து, "போச்சுடா, பதினாறு நாளும் மலை மேல உங்கம்மா கிளாஸ் எடுக்கப் போறா" என்றார். நீ சிரித்துக்கொண்டே, மேடவாக்கம்வரை போய் வருகிறேன், பத்து நிமிஷம் கழித்து அடி, நன்றாகக் கேட்கிறதா பார்க்கலாம் என்று கிளம்பினாய்.

கை இரண்டும் ஹேண்டில்பாரிலேயே இருக்கும், அதனால் ஆபத்தில்லை என்று நீ வாதாடுவாய். அன்றைக்கு உன் அப்பாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு கையை மட்டுமா? காலையில் நடந்த சண்டையை அந்த மழையில் அவர் தலைக்குள் திறந்துவிட்டேன். கண் ரோட்டில் இருந்தாலும் பார்த்தது என் முகத்தைத்தான். நீ பாலத்தைத் தாண்டும்போது கவனமாகத்தான் இருப்பாய், வலது பக்கம் வலது பக்கம் என்று சொல்லிக்கொண்டே போவாய். இரண்டாம் நாள், மூன்றாம் நாள், ஏதோ ஒரு கடையோரம் டீ குடித்துவிட்டு ரோடு காலியாக இருக்கும்போது வண்டியை எடுப்பாய் பார், அப்போதுதான் பழைய பழக்கம் உன்னை இடது பக்கம் இழுக்கும். அந்த நேரத்தில் உன் காதுக்குள் நான் "சாப்பிட்டியா" என்று கேட்டால் போதும். எதிரே வருகிற லாரிக்கு அது போதும். வேறு அறிவுரை எதுவும் என்னிடம் இல்லை. சரளையில் முன் பிரேக்கைத் தொடாதே, நாலு மணிக்கு மேல் மலையில் இருக்காதே என்பதெல்லாம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

நேற்று உன் அப்பாவிடம் சொன்னேன். நீ நண்பர்களைப் பார்க்கத் தாம்பரம் போயிருந்தாய்.

"அவன்கிட்ட சொல்லப் போறேன்."

"எதை?"

"நாய் வரலன்னு."

கையைத் தூக்கி மேசை மேல் வைத்தார். "நாய் இருந்துச்சு" என்றார்.

"இல்லங்க."

"எனக்குத் தெரியாதா? நான்தானே விழுந்தேன்."

"இத்தனை வருஷமா நீங்க சொல்லிக் கொடுத்ததைத்தான் அவன் பீரோ கதவுல ஒட்டியிருக்கான். போய்ப் பாருங்க."

"ஊருக்குக் கிளம்புற பையன்கிட்ட இதையெல்லாம் கொட்டணுமா? சொன்னா அவன் உன்கிட்ட பேச மாட்டான், தெரியும்ல?"

"என்கிட்ட பேச வேணாம். வண்டி ஓட்டும்போது பேசாம இருந்தா போதும்."

அவர் எழுந்து போய் உன் பீரோ முன்னால் நின்றார். நீ அவரிடம் கேட்டால் இன்னமும் நாய் என்றுதான் சொல்வார். அவரோடு வாதாடாதே. பொய்யே ஆனாலும் எனக்காக ஒரு மனிதர் பன்னிரண்டு வருடம் மாற்றிப் பேசவில்லை. அதற்காக அவரை மன்னிக்கவும் என்னால் முடியவில்லை, விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை.

என்னோடு பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம். பேசாமல் இருந்தால் அது எனக்கு நியாயமாகத்தான் இருக்கும், வலிக்கவும் செய்யும். தினமும் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகு அப்பாவுக்கு ஒரு போன் செய். போன் எடுப்பது அவர் வேலை, பழகிவிட்டார். சேர்ந்தாயா இல்லையா என்று அவர் முகத்தைப் பார்த்தே நான் தெரிந்துகொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ மேடவாக்கம்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாய். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை. "ஏம்மா, அரை மணி நேரமா சுத்துறேன். ஒரு தடவ அடிக்க முடியாதா? இன்னும் கோவம் போகலையா?" என்றாய். போனில் சார்ஜ் இல்லை என்றேன். உன் அப்பா என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்து, எண்பது பர்சென்ட் காட்டுது என்றார். நீ கதவை அறைந்துவிட்டு உள்ளே போனாய். அந்த அரை மணி நேரமும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, உன் பெயர் மேல் விரலை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை எதையும் நான் செய்ததில்லை. இன்னும் பதினாறு நாள் அதைச் செய்ய வேண்டும்.

என் நம்பரை அந்தக் கருவியிலிருந்து எடுத்துவிடு. எடுத்துவிட்டாயா என்று கேட்டு நான் போன் செய்ய மாட்டேன்.

அம்மா